இரண்டாவது விண்ணப்பத்தின் வரவு செலவு

2023 செப்டம்பரில் என் அக்கா மகள் அமெரிக்காவின் 26 மருத்துவக் கல்லூரிகளுக்கும், அதோடு டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்குத் தனியாகவும் விண்ணப்பம் போட்டாள். ஆன செலவு 6,120 டாலர். நேர்முகத்துக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை. அடுத்த மார்ச்சில் அக்கா போன் செய்தாள். "தம்பி, நீ ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிறவன். எங்க தப்பாச்சுன்னு ஒரு தடவை உட்கார்ந்து பாரேன். புள்ள சரியாச் சாப்பிடவே மாட்டேங்குறா."

நான் கணக்காளன். மருத்துவம் தெரியாது, மருத்துவப் படிப்பின் வாசல் எப்படித் திறக்கும் என்பதும் அதுவரை தெரியாது. டாலஸ் பக்கம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரசப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கோடு போட்ட ஒரு நோட்டைத் திறந்தோம். பதினெட்டு மாதம் ஓடிய அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மதிப்பெண் குறைந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிற பெற்றோர் இந்த நாட்டில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த எண்கள் உதவும் என்று நம்புகிறேன்.

முதல் பக்கத்தில் அவளுடைய எண்கள். இளங்கலையில் 120 கிரெடிட், மொத்த ஜிபிஏ 3.10. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கை மட்டும் பிரித்துப் பார்க்கும் அறிவியல் ஜிபிஏ, 60 கிரெடிட்டுக்கு 2.90. எம்கேட் நுழைவுத் தேர்வில் 499. அந்தத் தேர்வின் அளவுகோல் 472-இல் தொடங்கி 528-இல் முடியும், நடுவெண் 500.

எதிர்ப்பக்கத்தில் நாட்டின் எண்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் கணக்குப்படி 2023-24 கல்வியாண்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981 பேர். நூற்றுக்கு 44. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77, சராசரி எம்கேட் 511.7. இந்த இரண்டு எண்களையும் அவள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தாள், ஒரு தீர்ப்பைப் போல. அவளுக்குத் தெரியாத ஓர் எண்ணையும் சொன்னேன்: விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முன்பே ஒருமுறை விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் திரும்பி வருபவர். "நெஜமாவா மாமா?" என்று அன்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து அந்த 6,120 டாலரைப் பிரித்தோம். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்துக்கு முதல் கல்லூரியோடு 175 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரிக்கும் 45 டாலர் அளவில். 26 கல்லூரிக்கு 1,300. பொது விண்ணப்பம் போனபிறகு கல்லூரிகள் தனித்தனியே அனுப்பும் இரண்டாம்கட்டப் படிவம் என்று ஒன்று உண்டு, அதற்கும் தனிக் கட்டணம். 19 கல்லூரிகளுக்கு 1,800 கட்டியிருந்தாள். டெக்சாஸ் விண்ணப்பத்துக்கு 220 அளவில், எத்தனை கல்லூரி குறித்தாலும் கட்டணம் ஒன்றுதான். எம்கேட் கட்டணம் 340. எம்கேட் பயிற்சி வகுப்புக்கு 2,400. சான்றிதழ் நகல்களுக்கு 60.

அந்த 26 கல்லூரிகளின் பெயரைத் திரும்பப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. 11 கல்லூரிகள் வேறு மாநில அரசுக் கல்லூரிகள். தங்கள் மாநிலப் பிள்ளைகளுக்கே பெரும்பங்கு இடத்தை ஒதுக்குகிறவை. டெக்சாஸே இதற்கு நல்ல உதாரணம்: இங்குள்ள அரசுக் கல்லூரிகளில் 100-க்கு 90 இடத்துக்குக் குறையாமல் மாநிலத்தவருக்கென்று சட்டமே இருக்கிறது. எந்தக் கல்லூரி வெளிமாநிலத்தவர் எத்தனை பேரைச் சேர்க்கிறது, அவர்களின் மதிப்பெண் எந்த அளவில் இருக்கிறது என்பதை அந்தச் சங்கமே ஒரு தகவல் தொகுப்பாகத் தருகிறது. ஓர் ஆண்டுச் சந்தா 30 டாலரை ஒட்டி வரும். அதை வாங்கியிருந்தால் அந்த 11-க்கும் போன விண்ணப்பக் கட்டணம் 495, இரண்டாம்கட்டக் கட்டணம் 760, ஆக 1,255 டாலர் மிச்சம். "எதுக்கும் போட்டு வைப்போம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

பணத்தைவிடப் பெரிய ஓட்டை தேதியில் இருந்தது. ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே கடைசி, ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பலாம். அனுப்பிய பிறகு பாடம் பாடமாகச் சரிபார்க்கவே பல வாரம் ஆகும். பல கல்லூரிகள் வந்த வரிசையில் படித்து, வந்த வரிசையில் நேர்முகத்துக்கு அழைத்து, இடத்தையும் நிரப்பிக்கொண்டே போகும். செப்டம்பரில் அனுப்பிய இவளுடைய கோப்பு கல்லூரிகள் கைக்குப் போனது அக்டோபரில். 3.77 வைத்திருப்பவருக்கே அது தாமதம்.

இனி ஜிபிஏ. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே எத்தனையோ குடும்பங்கள் பணத்தைக் கொட்டுகின்றன என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஏ வாங்கினால் 4 புள்ளி, பி 3, சி 2. புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜிபிஏ. அவளிடம் 120 கிரெடிட்டுக்கு 372 புள்ளி இருந்தது. இன்னும் ஓராண்டு முழுக்கப் படித்து, 30 கிரெடிட்டிலும் ஏ வாங்கினால் 120 புள்ளி சேரும். 492-ஐ 150-ஆல் வகுத்தால் 3.28. ஓராண்டு உழைப்புக்குக் கிடைப்பது 0.18. சரி, 3.50 வேண்டுமென்றால்? 96 கிரெடிட், அத்தனையும் ஏ. மூன்று ஆண்டுக்கு மேல். நாட்டின் சராசரியான 3.77-ஐத் தொட வேண்டுமென்றால் 350 கிரெடிட். ஆண்டுக்கு 30 வீதம் ஏறக்குறைய 12 ஆண்டு.

அந்த 350-ஐப் பார்த்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நானும் சற்று நேரம் பேசவில்லை. சி வாங்கிய பாடத்தையே திரும்பப் படித்தால் பழையது அழிந்துவிடாதா என்று அக்கா கேட்டாள். அழியாது. ஆம்காஸ் இரண்டு முறையையும் எண்ணும். 4 கிரெடிட் பாடத்தில் முன்பு சி, இப்போது ஏ என்றால், 8 கிரெடிட்டுக்கு சராசரி 3.0 என்றுதான் எழுதும். மருத்துவர்களை உருவாக்கும் இன்னொரு வகையான ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் பொது விண்ணப்பம் மட்டும் பழைய மதிப்பெண்ணை நீக்கிக் கணக்கிட்டு வந்தது. 2017-இல் அதுவும் நின்றுபோனது. டெக்சாஸில் பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய படிப்பை முழுவதுமாக ஒதுக்கிவைக்க ஒரு சட்ட வழி உண்டு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது எங்கே பொருந்தும்?

அப்புறம்தான் அவளுடைய மதிப்பெண் பட்டியலை ஆண்டு வாரியாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆம்காஸ் கல்லூரிகளுக்குக் காட்டுவதும் அப்படித்தான், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி. முதலாண்டு 2.7, இரண்டாமாண்டு 2.9, மூன்றாமாண்டு 3.3, நான்காமாண்டு 3.5. முதலிரண்டு ஆண்டும் என் அத்தானுக்கு பைபாஸ் ஆகி வீடே மருத்துவமனையாகக் கிடந்த காலம். வகுப்பு, மருந்துக் கடை, வீடு என்று காரோட்டிக்கொண்டிருந்த பெண் அவள். பட்டம் வாங்கியபின் படிக்கும் இளங்கலைப் பாடங்களுக்கும் இதே பட்டியலில் தனி வரி உண்டு. 3.28 என்ற கூட்டுச் சராசரியை நம்மால் பெரிதாக நகர்த்த முடியாது. ஆனால் 2.7, 2.9, 3.3, 3.5 என்று ஏறிவரும் வரிசையில் ஐந்தாவதாக ஒரு 3.9 வந்து நின்றால், படிக்கிறவர் கண்ணில் அந்தப் படிக்கட்டுதான் முதலில் படும். செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் அந்த ஐந்தாவது வரிக்குப் போகட்டும் என்று அன்று ராத்திரி முடிவு செய்தோம். அதோடு இன்னொன்றும்: 2024-இல் விண்ணப்பிப்பதில்லை. அழுதுவிட்டாள். ஒரு வருஷம் வீணாகிறதே என்றாள். மருத்துவம் சேர்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் பட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் ஓராண்டாவது இடைவெளி விட்டவர்கள்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு குறுக்கு வழியையும் ஆராய்ந்தோம். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களை ஒட்டி ஓராண்டு முதுகலை நடத்துகிறார்கள். 1975-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வகை அது. கட்டணம் பொதுவாக 40,000-லிருந்து 60,000 டாலர் வரை. அங்கே நன்றாகச் செய்தால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதுகலை மதிப்பெண் தனிக் கணக்கில் நிற்கும், இளங்கலை 3.10 அப்படியே 3.10. அங்கேயும் தடுமாறிவிட்டால் அதன்பிறகு மீள்வது மிகக் கடினம், கடன் மட்டும் மிஞ்சும். இப்போது இந்த முடிவை எடுக்கிறவர்கள் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு, பட்டத்துக்கு மேற்பட்ட படிப்புகளுக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சாதாரண முதுகலைக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலரோடு நின்றுவிடும். மருத்துவப் படிப்புக்கே ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் என்று வரம்பு வந்துவிட்டது. ஆண்டுக்கு 65,000 கேட்கும் தனியார் கல்லூரியில் நாலாண்டுப் படிப்புக் கட்டணமே 2,60,000. டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 அளவில்தான். எங்கே விண்ணப்பிப்பது என்பதை இனி இந்த வரம்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

ஊரிலிருந்தும் யோசனை வந்தது, என்ஆர்ஐ ஒதுக்கீட்டில் அங்கேயே சேர்த்துவிடலாமே என்று. அதற்கும் நீட் எழுதித் தகுதி பெற வேண்டும்; முடித்து வந்தால் இங்கே மறுபடி உரிமத் தேர்வுகள், பயிற்சி இடத்துக்கான போட்டி. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

ஆக, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 30 கிரெடிட். கட்டணமெல்லாம் சேர்த்துக் கிரெடிட்டுக்கு 400 வீதம் 12,000 டாலர். ஆய்வகம், புத்தகத்துக்கு 600. உயிர்வேதியியல், உடலியங்கியல், நோயெதிர்ப்பியல், மரபியல், செல் உயிரியல், புள்ளியியல் என்று மேல்நிலைப் பாடங்களாகவே எடுத்தாள். சி வாங்கிய கரிம வேதியியலைத் திரும்பத் தொடவில்லை. டி வாங்கியிருந்தால் தொட்டே ஆக வேண்டியிருந்திருக்கும். அதற்கடுத்த பாடமான உயிர்வேதியியலில் ஏ வாங்குவது பழைய சி-க்குப் பதில் சொல்லும் என்பது அவளுடைய யோசனை, எனக்கும் சரியாகவே பட்டது. 27 கிரெடிட்டில் ஏ, 3 கிரெடிட்டில் பி வந்தது. 117-ஐ 30-ஆல் வகுத்தால் 3.90. மொத்த ஜிபிஏ 3.10-லிருந்து 3.26 ஆனது. அறிவியல் ஜிபிஏ 2.90-லிருந்து 3.23, அதன் அடித்தளம் 60 கிரெடிட்தான் என்பதால் அது இரண்டு மடங்கு நகர்ந்தது.

இந்த 12,600 டாலர் எங்கிருந்து வந்தது? இந்த நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

2024 மே மாதம் நர்ஸிங் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். மத்திய அரசு விதி 75 மணி நேரம் கேட்கிறது, டெக்சாஸ் 100 மணி கேட்கிறது. செலவு 900. ஜூனிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வெள்ளி, சனி, ஞாயிறு இரவு வேலை, 8 மணி வீதம். 50 வாரத்தில் 1,200 மணி. மணிக்கு 16 டாலர் என்றால் 19,200. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமும் மத்திய வருமான வரியும் போகக் கைக்கு வந்தது 17,250 அளவில். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. விண்ணப்பத்தில் 'நோயாளிகளோடு செலவழித்த நேரம்' என்று கல்லூரிகள் தேடுவதும் இதே 1,200 மணிதான். வரவுப் பக்கத்திலும் கோப்பிலும் ஒரே நேரத்தில் ஏறிய வரி இது ஒன்றுதான்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். இரவில் அவள் பொறுப்பில் 12 பேர். அதில் 5 பேரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணிக்கொருமுறை அவர்களை ஒருக்களித்துத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, குதிகாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்குகிறது, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். "விரலை எடுத்ததும் ஒரு செகண்ட் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன் மாமா, வெளுக்கணுமேன்னு" என்றாள். ஓர் இரவுக்கு 4 சுற்று, 20 முறை. 150 இரவுக்கு 3,000 முறை. விண்ணப்பத்தில் 15 அனுபவங்களை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறி. அதில் முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. முதல் விண்ணப்பத்தில் அவள் 15 கட்டத்தையும் நிரப்பியிருந்தாள், பள்ளிக்கூட நடனக்குழு வரைக்கும். இரண்டாம் முறை 9 கட்டத்தோடு நிறுத்தினாள். அந்த 1,325-இல் ஒன்று முழுக்க அந்த விரல் அழுத்தலைப் பற்றியது.

எம்கேட் பக்கம் சிறியது. வாழ்நாளில் 7 முறை எழுதலாம், ஓராண்டில் 3, இரண்டு ஆண்டில் 4. ஆனால் எழுதிய மதிப்பெண் எல்லாமே கல்லூரியின் கண்ணில் படும். திரும்ப எழுதுகிறவர்கள் பொதுவாக ஏறுவது 2, 3 புள்ளிதான். அதே முறையில் படித்தால் அதே பலன். முதல்முறை 2,400 டாலர் வகுப்பு, ஆனால் முழுத்தேர்வு மாதிரி இரண்டே இரண்டு. இந்த முறை வகுப்பே இல்லை. தேர்வு நடத்தும் சங்கமே தரும் மாதிரித் தேர்வுகளும் கேள்வித் தொகுப்பும் 300 டாலர், 360 மணி நேரம், தப்புகளை எழுத ஒரு 80 பக்க நோட்டு. பழைய 499 என்பது 125, 123, 125, 126. சறுக்கியது 123, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில். 90 நிமிடத்தில் 9 பத்தி, 53 கேள்வி. பத்திக்குப் பத்து நிமிடம். தப்பு நோட்டின் முதல் 200 தப்பில் 118, பாடம் தெரியாததால் வந்தவையல்ல, கேள்வியை அவசரமாகப் படித்ததால் வந்தவை. தினமும் மூன்று பத்தி, நிதானமாக. 2025 ஜனவரியில் எழுதி 507 வாங்கினாள். 511.7 இல்லைதான். ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 504-ஐ ஒட்டி இருக்கும். அங்கே முடிப்பவர்களும் இந்த நாட்டில் முழு உரிமத்தோடு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள்தான். 2020 முதல் பயிற்சி இடங்களுக்கும் இரு சாராருக்கும் ஒரே அமைப்பு.

நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன். வேலை 1,200 மணி. 30 கிரெடிட்டுக்கு வகுப்பும் படிப்புமாக 1,350. எம்கேட்டுக்கு 360. மொத்தம் 2,910. ஆண்டின் 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 8 மணி, ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து.

2025 ஜூன் முதல் வாரத்தில் இரண்டாவது விண்ணப்பம் போனது. 26 இருந்த இடத்தில் 12 கல்லூரிகள், எல்லாம் வெளிமாநிலத்தவரைத் தாராளமாகச் சேர்ப்பவை, 670 டாலர். இரண்டாம்கட்டக் கட்டணம் 850. ஆஸ்டியோபதி 6 கல்லூரிக்கு 475, அவற்றின் இரண்டாம்கட்டத்துக்கு 450. டெக்சாஸ் 220. தகவல் தொகுப்பு 30. கூட்டினால் 2,695. இதோடு படிப்பு, பயிற்சி, எம்கேட் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 16,845. முதல் முறை செலவில் 100-க்கு 55 டாலர் விண்ணப்பக் கட்டணங்களுக்கே போயிருந்தது. இம்முறை 100-க்கு 16. முக்கால் பங்கு அந்த 30 கிரெடிட்டுக்குப் போனது. வரவு 17,250, மீதி 405. வீட்டில் இருந்து படித்ததால் வாடகையும் சாப்பாடும் இந்தக் கணக்கில் இல்லை. அக்கா அவற்றை எழுத விடவில்லை.

ஒன்றை மட்டும் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் சங்கத்துக்கு ஒரு கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால், குடியுரிமையோ பச்சை அட்டையோ இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். எம்கேட் கட்டணம் பாதிக்கும் கீழே குறையும், 20 கல்லூரிகள் வரை ஆம்காஸ் கட்டணமே கிடையாது. ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது. எம்கேட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு வருமானம் கோட்டுக்கு மேலே போய்விட்டது. 400 சதவீதம் என்பதை ஏழைகளுக்கான எண் என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். நடுத்தரக் குடும்பங்கள் பலவும் அதற்குள் வரும்.

அக்டோபர் கடைசி வரை வந்த அழைப்பு இரண்டு. ஒன்று டெக்சாஸ் அரசுக் கல்லூரி, ஒன்று ஆஸ்டியோபதி. இரண்டும் வீடியோவில்தான், பயணச் செலவு இல்லை. ஞாயிறு இரவு வேலை முடிந்து திங்கள் காலை ஏழரைக்கு வந்தவள், குளித்துவிட்டு நேராக நோட்டைத்தான் எடுத்தாள். நேர்முகத்துக்குப் போட அக்காவின் பழைய கோட்டுக்குக் கைநீளம் பிரித்துத் தைத்திருந்தார்கள், 18 டாலர். மீதி 387 என்று எழுதிவிட்டுப் படுத்தாள்.